ஆளுக்கு ரெண்டு பாஸ்: ஆனுவல் டே சீட்டை யாருக்குக் கொடுக்கறது?

இந்த வாரம் பார்க்கச் சின்னதா தெரியற ஒரு விஷயம். ஸ்கூல் ஆனுவல் டே. குறிப்பா, அதுக்கு அப்பா அம்மாவுக்குக் கொடுக்கற பாஸ்.

கேக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு இன்னும் கல்யாணமே ஆகியிருக்காது. எனக்கும்தான். ஆனா இடம் கம்மி, ஆள் அதிகம், யாருக்குக் கொடுக்கறதுங்கற கேள்வி நமக்குப் புதுசில்ல. தட்கல்ல பாத்திருக்கோம். சேப்பாக்கம் ஐ.பி.எல். டிக்கெட்ல பாத்திருக்கோம். ஸ்கூல் பாஸ்ல ஒரே ஒரு வித்தியாசம். பாஸ் கிடைக்கலேன்னா நஷ்டம் கேட்டவருக்கு மட்டும் இல்ல. மேடையில தேனீ வேஷம் போட்டுக்கிட்டு நிக்கற ஆறு வயசுக் குழந்தைக்கும்தான். ஸ்டெப்பை மறந்துட்டு, கூட்டத்துல ஒரு முகத்தைத் தேடிக்கிட்டு நிக்குமே, அதைப் பாத்திருப்பீங்க.

நான் இதுக்குள்ள வந்ததுக்குக் காரணம் எங்க அக்கா. அவ பையன் தென்சென்னையில ஒரு தனியார் பள்ளியில படிக்கறான். பேர் வேண்டாம். அக்கா பேரன்ட்ஸ் கமிட்டியில இருக்கா. போன வருஷம் பாஸ் விஷயத்துல பெரிய சண்டை ஆகிப்போச்சு. அதனால இந்த வருஷம் கமிட்டி கூடினப்போ, "என் தம்பி சாஃப்ட்வேர்ல இருக்கான், அவன் ஏதாவது பண்ணுவான்"னு சொல்லிட்டு வந்துட்டா. சாஃப்ட்வேர்ல இருக்கறவன்னா பிரின்டர் ரிப்பேர்ல இருந்து சீட் பங்கீடு வரைக்கும் எல்லாம் பண்ணணும், அது நம்ம குலத்தொழில். சரி, போனேன்.

முதல்ல கணக்கு. எண்களைக் கொஞ்சம் மாத்தித்தான் சொல்றேன், ஆனா விகிதம் அதேதான். வாடகைக்கு எடுத்த ஆடிட்டோரியம். 800 சீட். மேடை ஏறப்போற பிள்ளைங்க 420 பேர். முன்னாடி மூணு வரிசை, 90 சீட், விஐபிக்கு. டீச்சர்ஸ், ஸ்டாஃபுக்கு 60. மிச்சம் 650. பிள்ளைக்கு ரெண்டு பாஸ்னா 840 வேணும். 190 சீட் துண்டு விழுது.

போன வருஷம் இந்தத் துண்டை எப்படிச் சமாளிச்சாங்கன்னா, ஒரு ஆன்லைன் ஃபார்ம். "செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்குத் திறக்கும். முதலில் பதிவு செய்பவர்களுக்கு முன்னுரிமை"ன்னு சர்க்குலர். பத்து நிமிஷம் முழுசா ஆகறதுக்குள்ள ஃபார்ம் மூடிடுச்சு.

இதைக் கேட்டதும் "நியாயமாத்தானே இருக்கு"ன்னு தோணும். எல்லாருக்கும் ஒரே லிங்க், ஒரே நேரம். யாரு வேணாலும் வரலாம். பிரின்சிபாலுக்குத் தெரிஞ்சவங்களுக்குத் தனி வழி கிடையாது. உண்மையிலேயே இதுக்கு ஒரு மரியாதை உண்டு. சிபாரிசை வெட்டிவிடறதுக்காக வந்த முறைதான் இது.

ஆனா பத்து மணிக்கு அந்த ஃபார்ம் எதை அளக்குது? அதைத்தான் நான் கமிட்டியில கேட்டேன். குழந்தை மேல இருக்கற ஆசையை அளக்கல. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு யார் கையில போன் இருக்கு, யார் முதலாளி அதைப் பாக்க விடறாரு, யார் வீட்டு நெட் வேகமா ஓடுது, இதைத்தான் அளக்குது. என்னை மாதிரி ஆளுக்கு அது ஜுஜுபி. காலை மீட்டிங்ல மைக்கை மியூட் பண்ணிட்டு ஃபார்மை நிரப்பிடலாம். வார்டுல டியூட்டியில இருக்கற நர்ஸ் நிரப்ப முடியாது. பஸ் ஓட்டிக்கிட்டு இருக்கறவர் நிரப்ப முடியாது, நிரப்பவும் கூடாது. வேற ஸ்கூல்ல பாடம் எடுத்துக்கிட்டு இருக்கற டீச்சர், துணிக்கடையில போனை லாக்கர்ல வச்சுட்டு நிக்கற அம்மா, இவங்க யாரும் பத்து மணி ரேஸுக்கே வர முடியாது.

தட்கல் இதே கதைதான். ஏசிக்குப் பத்து மணி, நான் ஏசிக்குப் பதினொரு மணி. ஊருக்குப் போகணும்னு யாருக்கு அவசரம் அதிகமோ அவங்களுக்கு டிக்கெட் கிடைக்குதா? விரல் வேகமா இருக்கறவங்களுக்குக் கிடைக்குது. பழைய காலத்துல கவுன்டர்ல விடிகாலையில போய் நின்னாங்களே, அதுலயாவது ஒரு அர்த்தம் இருந்துச்சு. நாலு மணி நேரம் நிக்கத் தயாரா இருக்கறவனுக்கு அது உண்மையாவே வேணும்னு புரிஞ்சுக்கலாம். அதுலயும் ஒரு நாள் கூலியை விட்டுட்டு நிக்கறவனுக்கும், சம்பளத்தோட லீவு போட்டு நிக்கறவனுக்கும் வரிசையோட விலை ஒண்ணு இல்ல. ஆன்லைன்ல அந்தக் கொஞ்ச அர்த்தமும் போயிடுச்சு.

கமிட்டியில அடுத்த யோசனை உடனே வந்துச்சு. "எக்ஸ்ட்ரா பாஸுக்கு ஐந்நூறு ரூபா வைங்க. வேணுங்கறவங்க வாங்கட்டும், அந்தக் காசுல லைட்டிங் நல்லா போடலாம்." பொருளாதாரம் படிச்ச ஒரு அப்பா சொன்னாரு. அவர் லாஜிக் தப்பில்ல. யாருக்கு அதிகமா வேணுமோ அவங்க அதிகமா கொடுப்பாங்க.

ரெண்டு விஷயம் எனக்கு உறுத்துச்சு. ஒண்ணு, எல்லாரும் ஏற்கெனவே காசு கட்டியாச்சு. காஸ்ட்யூமுக்குன்னு ஒரு தொகை, ஆனுவல் டே ஃபீஸ்னு ஒரு தொகை. தேனீ றெக்கைக்கு அக்கா கட்டின காசுல நிஜமாவே தேன் வாங்கியிருக்கலாம். மேடைக்குக் காசு வாங்கிட்டு, மேடையைப் பாக்கறதுக்குத் தனியா காசுன்னா எப்படி?

ரெண்டாவது இன்னும் முக்கியம். கல்வி உரிமைச் சட்டம், 2009. அதுல 12(1)(சி)ன்னு ஒரு பிரிவு. சிறுபான்மை அல்லாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்புல 25 சதவீத இடத்தை நலிவுற்ற, வாய்ப்பு மறுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்கணும். விண்ணப்பம் அதிகமா வந்தா தமிழ்நாட்டுல குலுக்கல் போட்டுத்தான் எடுக்கறாங்க. அப்போ இந்த ஸ்கூல்லயே சில பிள்ளைங்க குலுக்கல்ல பேர் விழுந்து உள்ள வந்தவங்க. அந்தக் குழந்தையை உள்ள விட்டாச்சு, அதே குழந்தையோட அப்பா ஆடிட்டோரியத்துக்குள்ள வர ஐந்நூறு ரூபான்னு சொல்லப்போறோமா? இதைச் சொன்னதும் அந்த அப்பா, "ஓகே, வாபஸ்"னு சிரிச்சுட்டாரு. நல்ல மனுஷன்.

மூணாவது யோசனை இருக்கே, அது எல்லா ஊர்லயும் வரும். "எதுக்கு இவ்ளோ கணக்கு? எல்லாரையும் உள்ள விடுங்க. சீட் இல்லாதவங்க ஓரமா நின்னு பாத்துக்கறோம்."

இதுக்கு மட்டும் நான் சிரிக்கல. 1995 டிசம்பர் 23. ஹரியாணாவுல மண்டி டப்வாலிங்கற ஊர். ஒரு பள்ளியோட ஆண்டு விழா, கல்யாண மண்டபத்துல, மேல ஷாமியானா போட்டு. தீப்பிடிச்சது. 400 பேருக்கு மேல செத்துப்போனாங்க, அதுல பாதிக்கு மேல குழந்தைங்க. விழா பாக்க வந்த அப்பா அம்மாவும், ஆட வந்த பிள்ளைகளும். ரெண்டு வருஷம்கூட ஆகல, 1997 ஜூன் 13, டெல்லி உப்ஹார் தியேட்டர். 59 பேர். அங்க பால்கனியில கூடுதல் சீட் போட்டதுல வெளிய போற ஒரு வழியே அடைபட்டிருந்துச்சு. சீட்டுக்கு நடுவுல இருக்கற நடைபாதை காலி இடம் இல்ல. அது வாசலோட நீட்சி. அதுல ஒருத்தரை நிக்க வச்சா, பின்னாடி உக்காந்திருக்கறவங்களோட வாசல்ல ஒரு கதவைச் சாத்தற மாதிரி. அதனால 800ன்னா 800தான். இந்த எண்ணை மட்டும் பேரம் பேசக் கூடாது, மத்த எல்லாத்தையும் பேசலாம்.

பேச ஆரம்பிச்சோம். முதல்ல, எதுக்கு "பிள்ளைக்கு ரெண்டு"? 420 பிள்ளைங்கன்னா 420 குடும்பம் இல்ல. எழுபது வீட்டுல ரெண்டு ரெண்டு பிள்ளை. எண்ணிப் பாத்தா 350 குடும்பம். குடும்பத்துக்கு ரெண்டுன்னு மாத்தினா 700 போதும். 190ஆ இருந்த துண்டு ஒரே வரியில 50 ஆயிடுச்சு. எந்த அல்காரிதமும் எழுதல, எதை எண்ணறோம்னு மாத்தினோம், அவ்ளோதான்.

ரெண்டு பிள்ளை வச்சிருக்கற ஒரு அம்மா விடல. "நாங்க ரெண்டு ஃபீஸ் கட்டறோம், பாஸ் மட்டும் ஒரு பங்கா?" நியாயமான கோபம்தான். அதுக்குப் பதில் சொன்னது நான் இல்ல, பக்கத்துல இருந்த ஒரு தாத்தா. "ஏம்மா, ரெண்டு பிள்ளை ஆடினாலும் உக்காரறது நீ ஒருத்திதானே?" ஃபீஸ் பாடத்துக்கு. சீட் முதுகுக்கு.

அடுத்து அந்த மூணு வரிசை. இதைச் சொல்லும்போதுதான் ரூம் கொஞ்சம் அமைதியாச்சு. விஐபி சீட் 90. சீஃப் கெஸ்ட் ஒருத்தர், அவரோட வர்றவங்க, ஸ்பான்சர், டிரஸ்டி குடும்பம், கவுன்சிலர் ஆபீஸ்ல இருந்து கேட்டது, இப்படி. சீஃப் கெஸ்ட் பேசிட்டுக் கிளம்பினதும் அவர் கூடவே ஒரு வரிசை எழுந்து போயிடும்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்புறம்தான் எல்.கே.ஜி. டான்ஸே வரும். ஒரு பக்கம் காலி சோஃபா, இன்னொரு பக்கம் கேட்டுக்கு வெளிய ஒரு அப்பா. பாஸ் தட்டுப்பாடுன்னு நம்ம ஊர்ல சொல்றதுல ஒரு பங்கு உண்மையான தட்டுப்பாடு, இன்னொரு பங்கு மரியாதைக்காக ஒதுக்கி வச்ச காலி இடம். கரஸ்பாண்டென்ட் கிட்ட பேசிப் பேசி 90ஐ 60 ஆக்கினாங்க. அது அக்காவோட வேலை, எனக்கு அந்தத் திறமை கிடையாது. கூடவே இன்னொண்ணும் வாங்கினா: நிகழ்ச்சி ஆரம்பிச்சு பதினஞ்சு நிமிஷத்துல ஆள் வராத விஐபி சீட்டை வெளிய காத்திருக்கறவங்களுக்குத் திறந்து விடணும்.

இப்போ 680 சீட், 350 குடும்பம். இங்கதான் எனக்கு நெட்வொர்க் கிளாஸ் ஞாபகம் வந்துச்சு. ஒரு லைன்ல பல பேர் பேண்ட்வித் கேக்கும்போது எப்படிப் பங்கு போடறதுன்னு ஒரு பழைய முறை இருக்கு, மேக்ஸ்-மின் ஃபேர்னஸ்னு பேர். பேரைப் பாத்துப் பயப்படாதீங்க, உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். கல்யாணப் பந்தியில பரிமாறறது எப்படி? முதல் இலையில உக்காந்தவருக்கு வடை பிடிக்கும்னு நாலு வடை வச்சுட்டு, கடைசி இலைக்கு வரும்போது தட்டைக் கவுத்துக் காட்டினா சண்டை வரும். எல்லா இலைக்கும் ஒவ்வொண்ணு. அப்புறம் ரெண்டாவது சுத்து. வேண்டாங்கறவங்க இலையில கை வச்சு மறைச்சுக்குவாங்க, அவங்க பங்கு அடுத்த இலைக்குப் போகும். மிச்சம் இருந்தா மூணாவது சுத்து. கம்மியா வேணுங்கறவங்களுக்கு முழுசா, அதிகமா வேணுங்கறவங்களுக்கு இருக்கறதுல சமமா. அவ்ளோதான் அந்த அல்காரிதம். பந்திக்கு முந்துன்னு பழமொழி இருக்கலாம், ஆனா நல்ல சமையல்காரர் பந்தியில பிந்தினவனுக்கும் வடை கிடைக்கும்.

அதனால இந்த வருஷ ஃபார்ம்ல ஒரே ஒரு மாற்றம். பத்து மணி ரேஸ் இல்ல. ஆறு நாள் திறந்திருக்கும், எப்போ நிரப்பினாலும் ஒண்ணுதான். கேள்வி: "உங்களுக்கு எத்தனை சீட் உண்மையாகவே வேண்டும்? 1, 2, 3, 4." ஃபார்ம் நிரப்ப முடியாதவங்க டைரியில எழுதிக் க்ளாஸ் டீச்சர் கிட்ட கொடுக்கலாம்.

38 குடும்பம் "ஒண்ணு போதும்"னு எழுதியிருந்தாங்க. இது எனக்கே ஆச்சரியம். அப்பா துபாய்ல, அம்மாவுக்கு நைட் ஷிஃப்ட், கைக்குழந்தையை வீட்டுல யாராவது பாக்கணும், இப்படிக் காரணம். போன வருஷம் இவங்களும் ரெண்டு பாஸ் வாங்கியிருப்பாங்க. கொடுக்கறாங்களே, எதுக்கு விடணும்னு. கேக்காத வரைக்கும் யாருக்கு எவ்ளோ வேணும்னு தெரியாது.

முதல் சுத்து 350. ரெண்டாவது சுத்து 312. ஆக 662. மிச்சம் 18 சீட். அந்த விஐபி வரிசையைக் குறைக்காம இருந்திருந்தா ரெண்டாவது சுத்தே முடிஞ்சிருக்காது, அதையும் சொல்லிடறேன்.

குலுக்கலுக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். இந்த எபிசோடை நான் பண்ணணும்னு நினைச்சதே இதுக்காகத்தான்.

கமிட்டிக்கு ஒரு அப்பா போன் பண்ணினாரு. அவரும் மனைவியும் பிரிஞ்சு ரெண்டு வருஷம் ஆகுது. பொண்ணு அம்மா கூட இருக்கா, வாரக் கடைசியில இவர் கிட்ட வருவா. போன வருஷம் அந்தச் செவ்வாய்க்கிழமை இவரும் பத்து மணிக்கு ஃபார்மைத் திறந்திருக்காரு. பொண்ணோட அட்மிஷன் நம்பரைப் போட்டாரு. "இந்த எண்ணுக்கு ஏற்கெனவே பதிவு செய்யப்பட்டுள்ளது"ன்னு வந்துச்சு. அம்மா பதிவு பண்ணிட்டாங்க. ரெண்டு பாஸ், அவங்களுக்கும் பாட்டிக்கும். அவங்க மேல தப்பே இல்ல, பொண்ணை வளர்க்கறதுல பாதி அந்தப் பாட்டிதான். ஆனா இவருக்கு அந்த மெசேஜ்தான் பதில். யார் கிட்ட போய்க் கேப்பாரு? கேக்கணும்னா, ஆபீஸ்ல நின்னு தன் வீட்டுக் கதையை முழுசா சொல்லணும். சொல்லல. விழா முடியற நேரத்துக்கு வெளிய கார்ல உக்காந்திருந்து, வேஷத்தோட வந்த பொண்ணைப் பாத்துட்டுப் போனாராம்.

டேட்டாபேஸ் டிசைன் பண்றவங்களுக்கு இது சட்டுனு புரியும். ஒரு அட்மிஷன் நம்பருக்கு ஒரு பதிவு. யாரோ ஒருத்தர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாம, டபுள் என்ட்ரி வரக் கூடாதுன்னு ஒரு டிக் மார்க் போட்டிருக்காங்க. அந்த டிக் மார்க் குடும்பம்னா என்னன்னு முடிவு பண்ணிடுச்சு. குடும்பம்னா ஒரே வீடு, ஒரே போன், யார் முதல்ல தொட்டாங்களோ அவங்க கையில சாவி. நம்ம தினமும் இந்த மாதிரி ஃபார்ம் எழுதறோம். "அப்பா பெயர்" கட்டாயம்னு ஒரு சிவப்புப் புள்ளி வைக்கறோம். நமக்கு அது வேலிடேஷன். அதை நிரப்ப முடியாம நிக்கறவங்களுக்கு அது வேற.

சரி பண்றது எவ்ளோ கஷ்டம்னு நினைக்கறீங்க? ஒரு சீட்கூட அதிகமாகல. பிரிஞ்சு வாழற பெற்றோர்னா அந்த ரெண்டு சீட்டை ஒண்ணு, ஒண்ணா பிரிச்சு ரெண்டு பேர் கிட்டயும் தனித்தனியா கொடுக்கறது. வேற வேற வரிசையில. சேர்க்கையப்போ வாங்கின ரெண்டு பேர் போன் நம்பரும் ஸ்கூல்ல இருக்கு, ரெண்டு நம்பருக்கும் லிங்க் போகும். கோர்ட் உத்தரவு ஏதாவது இருந்தா அது ஆபீஸுக்குத் தெரியும், அதை அவங்க பாத்துக்குவாங்க, கமிட்டிக்கு அதுல வேலை இல்ல. அப்போ பாட்டிக்கு? பாட்டி மூணாவது சுத்துக்கு வரணும். அந்த அம்மாவுக்கு அது நஷ்டம்தான், மழுப்ப விரும்பல. பாட்டியா அப்பாவான்னு ஸ்கூல் தீர்ப்பு சொல்ல முடியாது. ரெண்டு வீடு இருந்தா ரெண்டு வீட்டுக்கும் முதல் வடை. அதுவரைக்கும்தான் ஒரு விதியால போக முடியும்.

அதே மாதிரி "அப்பா அம்மா"ங்கற வார்த்தையையே ஃபார்ம்ல இருந்து எடுக்கச் சொன்னேன். "யார் வருகிறார்கள்?"னு மட்டும் போதும். சில பிள்ளைகளுக்குச் சித்தி வருவாங்க. சிலருக்குத் தாத்தா மட்டும்தான்.

இப்போ மிச்சம் இருக்கற 18 சீட். மூணாவது சீட் கேட்ட குடும்பம் 74. பெரும்பாலும் தாத்தா பாட்டி. இங்க இனிமே "யாருக்கு அதிகத் தகுதி"ன்னு ஆராய ஆரம்பிச்சா முடிவே இருக்காது. முழங்கால் வலியை மார்க் போட்டு அளக்க முடியுமா? எல்லாரும் ஒரே தகுதியில நிக்கும்போது குலுக்கல்தான் மரியாதை. "உன்னைவிட அவங்க முக்கியம்"னு யாரையும் பாத்து அது சொல்றதில்ல.

நமக்கு இது வெளிநாட்டுச் சரக்கும் இல்ல. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர்ல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு, பத்தாம் நூற்றாண்டு. ஸ்கூல்ல குடவோலைன்னு படிச்சோமே, அதேதான். முப்பது குடும்புகள்ல இருந்து பேர்களை ஓலையில எழுதிக் குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லுவாங்க. ரொம்பப் புகழவும் வேண்டாம். நிலம் இருக்கணும், வயசு 35ல இருந்து 70க்குள்ள இருக்கணும்னு ஏகப்பட்ட தகுதி. பெரும்பாலான ஊர்க்காரங்க பேர் அந்தக் குடத்துக்குள்ளேயே போகல. ஆனா அதுல எனக்குப் பிடிச்ச ஒரு விதி, புத்தகத்துல வேகமா தாண்டிப் போயிடுவோம்: கடந்த மூணு வருஷத்துல வாரியத்துல இருந்தவங்க பேரைக் குடத்துல போடக் கூடாது. கிடைச்சவனுக்கே திரும்பத் திரும்பக் கிடைக்கக் கூடாதுன்னு ஆயிரத்து நூறு வருஷம் முன்னாடியே கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. நாங்களும் அதைத் தழுவி ஒண்ணு வச்சோம்: இந்த வருஷம் மூணாவது சீட் கிடைக்காதவங்க பட்டியல் ஆபீஸ்ல இருக்கும், அடுத்த வருஷக் குலுக்கல்ல அவங்க சீட்டுதான் முதல்ல எடுக்கப்படும்.

குலுக்கலை நான் கோட்ல பண்றதாத்தான் இருந்துச்சு. பத்து வரி பைத்தான். பெயர்ப் பட்டியல், ஷஃபிள், முதல் 18. ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. என் அக்காவும் மாமியாருக்காக மூணாவது சீட் கேட்டிருக்கா. என் லேப்டாப்ல, நான் எழுதின கோட்ல, அக்கா பேர் வந்தா யார் நம்புவா? நான் நம்ப மாட்டேன். ஷஃபிள் எவ்ளோ சரியா இருந்தாலும் 73 குடும்பத்துக்கு அது கறுப்புப் பெட்டி. குலுக்கல் நேர்மையா நடந்தா மட்டும் போதாது, தோத்தவன் கண்ணு முன்னாடி நடக்கணும்.

அதனால எவர்சில்வர் குடம். அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. 1969 டிசம்பர் 1, அமெரிக்காவுல வியட்நாம் போருக்கு ஆள் எடுக்கக் குலுக்கல் போட்டாங்க. 366 பிறந்த தேதி, ஒவ்வொண்ணும் ஒரு குப்பியில. ஜனவரி, பிப்ரவரின்னு மாச வாரியா கொட்டினாங்க, ஆனா சரியா கலக்கல. வருஷக் கடைசியில பிறந்த பையன்களோட தேதி அளவுக்கு மீறி முன்னாடியே வந்துச்சு. அப்புறம் புள்ளியியல்காரங்க கண்டுபிடிச்சு, அடுத்த வருஷம் முறையை மாத்தினாங்க. அங்க போனது உயிர், இங்க வெறும் சீட்தான். இருந்தாலும் வகுப்பு வாரியா சீட்டை அடுக்கிக் குடத்துல போட்டுட்டு லேசா ஆட்டிட்டு எடுத்தா, கடைசியா போட்ட அஞ்சாம் வகுப்புதான் மேல இருக்கும். ஒரே அளவுக் காகிதம், ஒரே மாதிரி மடிப்பு, பெரிய அண்டாவுல கொட்டி நல்லா பிசைஞ்சுட்டு அப்புறம் குடத்துல போடணும். நாங்க அப்படித்தான் செஞ்சோம். சனிக்கிழமை காலை, யூ.கே.ஜி. பாப்பா ஒண்ணு கையை விட்டு எடுத்துச்சு. பதினெட்டு சீட்டு. அக்காவுக்கு விழல. மூணு நாள் என் கூட பேசல.

மிச்ச 56 குடும்பத்துக்கு என்ன? முதல் நாள் மாலை ஃபுல் டிரஸ் ரிகர்சல் அதே ஆடிட்டோரியத்துல நடக்கும். லைட், மேக்கப், எல்லாம். அதுக்குத் தாத்தா பாட்டிகளை உள்ள விடச் சொன்னோம். ஸ்கூல் முதல்ல தயங்குச்சு, ரிகர்சல்ல தப்பு வரும், யாராவது வீடியோ எடுத்துப் போட்டுடுவாங்கன்னு. கடைசியில ஒத்துக்கிட்டாங்க. சொல்லப்போனா வயசானவங்களுக்கு அதுதான் சௌகரியம். சீஃப் கெஸ்ட் உரை கிடையாது. முன்னாடி இருக்கறவர் போனைத் தூக்கிப் பிடிச்சு மறைக்க மாட்டாரு. லைவ் ஸ்ட்ரீமும் வச்சாங்க. துபாய் அப்பாவுக்கு அது வரம், ஆனா கேட்டுக்கு வெளிய நிக்கற அப்பா கிட்ட "யூடியூப்ல பாருங்க"ன்னு சொல்லக் கூடாது.

பாஸை ஒருத்தருக்கொருத்தர் கை மாத்தலாமான்னு கேட்டாங்க. மாத்திக்க விட்டா வாட்ஸ்அப் குரூப்ல நட்பு அதிகமா இருக்கறவங்களுக்குத்தான் போகும், திரும்பவும் சிபாரிசு. அதனால வேண்டாத பாஸ் ஆபீஸுக்கு வரணும், அங்க இருந்து குலுக்கல்ல அடுத்து இருக்கற பேருக்குப் போகும். இதுக்காகவே பாப்பாவை 18ஓட நிறுத்தாம 74 சீட்டையும் எடுக்க வச்சு வரிசையா எழுதி வச்சிருந்தோம். விழா அன்னைக்கு வாசல்ல ஒரு மேஜை போட்டு அந்தப் பட்டியலோட கமிட்டி ஆள் ஒருத்தர் உக்காந்திருந்தாரு. காய்ச்சல், டிராஃபிக், ஆபீஸ்ல மாட்டிக்கிட்டாங்கன்னு மாலை ஆறு மணிக்குள்ள ஒன்பது பாஸ் திரும்பி வந்துச்சு. விஐபி வரிசையில இருந்து இன்னும் இருபத்திரண்டு. போன் போட்டுக் கூப்பிட்டதுல பக்கத்துத் தெருக்கள்ல இருக்கற பாட்டிங்க நாலு பேர் ஆட்டோ பிடிச்சு வந்தாங்க. மிச்சப் பேரால அவ்ளோ சீக்கிரம் வர முடியல. அடுத்த வருஷம் முன்கூட்டியே மெசேஜ் போடணும்னு குறிச்சு வச்சிருக்காங்க.

உங்க வீட்டுல இந்த டிசம்பர், ஜனவரியில யாராவது மேடை ஏறினா, உங்க ஸ்கூல்ல பாஸை எப்படிக் கொடுத்தாங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. முன் வரிசையில எத்தனை சீட் காலியா இருந்துச்சுன்னு எண்ணியும் சொல்லுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.